சாவி போட்டால் பிரியும் ரயில்

கொடைரோடு ஸ்டேஷனில் அன்று திண்டுக்கல் போகிற பாசஞ்சர் ஒன்றே கால் மணி நேரம் தாமதம். அது மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால் சடையாண்டி மடியில் இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்திருக்கவே மாட்டான். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் போட்டிருப்பான். ஆறு மாதம் கழித்து யாராவது சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்.

1957, தை மாதக் கடைசி. சடையாண்டிக்கு முப்பத்தொரு வயது. திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிற வேலை. கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் புறப்பட்டது. இரும்புப் பெட்டி ஒன்றின் சாவி தொலைந்துவிட்டது; பெட்டியை உடைக்காமல் திறக்க ஆள் வேண்டுமென்று பட்டறைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதலாளி சடையாண்டியை அனுப்பினார். அரை நாள் குந்தி உட்கார்ந்து, கீறல் விழாமல் திறந்து கொடுத்தான். அந்த வீட்டுத் துரைசாணிக்கு ஏக சந்தோஷம். கூலியோடு, காலி செய்துகொண்டிருந்த அறையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியையும் தூக்கி வந்து நீட்டினாள். நீட்டியவள், "சில்ட்ரன்?" என்று கேட்டாள்.

அவனுக்குத் தெரிந்த நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. ஆனால் இல்லை என்பதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் அவள் முகம் என்ன ஆகும் என்றெல்லாம் யோசிப்பதற்குள் தலை தானாக ஆடிவிட்டது. ஆமென்று ஆடிவிட்டது. பஸ்ஸில் மலையிறங்கி வருகிற வழியெல்லாம் அந்தத் தலையாட்டல் அவனை உறுத்திக்கொண்டே வந்தது.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் செங்கற்கள். பாதி விரல் நீளத்தில், பெரும்பாலும் சிவப்பு, கொஞ்சம் வெள்ளை. மேல்பக்கம் எட்டுக் குமிழ், அடிப்பக்கம் பொள்ளல். பலவற்றில் நாலு குமிழ்தான். சின்னச் சன்னல்கள், கதவுகள், தரைபோலப் பரப்ப ஒரு பச்சைத் தகடு. கூட இருந்த தாளில் படம் போட்டிருந்தது. எல்லாம் வீடுகள்.

ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்து அமுக்கினான். டிக்.

அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கமானது. பூட்டுக்குள் லீவர் தன் இடத்தில் போய் விழும்போது வருகிற அதே சத்தம். அளவு ஒரு நூல் கூடினால் உள்ளே போகாது, ஒரு நூல் குறைந்தால் நிற்காது. கழற்றிப் பார்த்தான். மறுபடி மாட்டினான். இன்னொன்றை எடுத்தான். அதுவும் அதே டிக். யாரோ ஒருத்தன் எங்கோ உட்கார்ந்து இத்தனை கற்களையும் ஒரே அளவுக்கு அரத்தால் ராவியிருக்கிறான் என்றுதான் அவனுக்குப் பட்டது. அச்சில் வார்த்தது என்பது பிறகுதான் உறைத்தது.

எதிர்த் தண்டவாளத்தில் ஒரு சரக்கு வண்டி நின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அடுக்கினான். சுக்குக் காப்பிக்காரன் ஒருவன் தூக்கோடு வந்து நின்று எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, வீடா?"

"ரயிலு."

"ரயிலா? சக்கரத்தைக் காணோம்?"

சடையாண்டி கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தான். பெட்டிக்குள் துழாவினான். சக்கரம் இல்லை.

"அப்ப வீடுதாண்ணே," என்று சொல்லிவிட்டுக் காப்பிக்காரன் அடுத்த பெஞ்சுக்குப் போனான்.

வீட்டில் வீரலட்சுமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் முறம் நின்றது. மூடியில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்கு?" என்றாள்.

எனக்கு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "சும்மா குடுத்தாங்க," என்றான்.

அவள் பெட்டியை வாங்கி, மூடியிலிருந்த படம் சுவரைப் பார்க்கும்படி அலமாரிமேல் வைத்தாள்.

ஒரு மாதம் பெட்டி அங்கேயே இருந்தது. சக்கரத்தைக் காணோம் என்று காப்பிக்காரன் கேட்ட கேள்விதான் சடையாண்டியை விடவில்லை. பட்டறையில் மீந்த பித்தளைத் தகட்டில் காலணா அகலத்துக்கு வட்டம் வெட்டி, விளிம்பு வைத்து ராவினான். பழைய குடைக்கம்பியை அறுத்து அச்சாக்கினான். அதைக் கல்லோடு பொருத்த ஓர் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் கல்லில் ஓட்டை போட்டான். கல் உருகி, நாற்றமெடுத்து, ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது.

அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. திண்டுக்கல்லில் எது உடைந்தாலும் இன்னொன்று செய்யலாம். இந்தக் கல்லை இந்தியாவில் எங்கே போய்த் தேடுவது? அந்தக் கோணிப்போன கல்லைக் கடைசிவரை அவன் தூக்கிப் போடவில்லை. அன்றைக்கு ஒரு முடிவு செய்தான்: இனி எந்தக் கல்லையும் அறுப்பதில்லை, துளைப்பதில்லை, சுடுவதில்லை. கல் இருக்கிறபடி இருக்கட்டும். மற்றதெல்லாம் அதற்குத் தக்கபடி வரட்டும்.

அதற்கு வழியும் பூட்டு வேலையிலேயே இருந்தது. பித்தளைத் தகட்டில் எட்டுத் துளை போட்டு, கல்லின் குமிழ்களில் அழுத்தினால் போய் உட்காருகிற மாதிரி ராவினான். துளை ஒவ்வொன்றும் இறுக்கமாக இருக்கவேண்டும். குமிழையும் தேய்க்கக் கூடாது. முதல் தகடு சரியாக வருவதற்கு மூன்று வாரம் ஆனது. அந்தத் தகட்டில் சக்கரத்தைப் பொருத்தினான். கற்களைத் தலைகீழாகக் கோத்தால் தகடு அடியில் வந்துவிடும். முதல் ரயில் பெட்டி உருண்டது. சுவரில் முட்டி நடுவாக இரண்டாய்ப் பிளந்தது.

ஏன் பிளந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. வேலைக்குப் போகிற வழியில் ஒரு மில்லுக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தான். கொத்தனார் ஒரு மூட்டுக்கு மேல் இன்னொரு மூட்டு வராமல் செங்கல்லை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனார். சடையாண்டி வீட்டுக்கு வந்து பெட்டி முழுவதையும் பிரித்துப் போட்டான்.

இப்படித்தான் அது வளர்ந்தது. மில்லில் பஞ்சுப் பொதி கட்டுகிற இரும்புப் பட்டையை வாங்கி வந்து தண்டவாளம் செய்தான். ஒரு பழைய ஸ்டவ்வின் பம்புக் குழாய் இன்ஜினுக்குக் கொதிகலன் ஆயிற்று. அதே ஸ்டவ்வின் பர்னர் புகைபோக்கி. நின்றுபோன அலாரம் கடிகாரத்தின் வில் உள்ளே போனது. முறுக்கி விட்டால் அடுப்படி வாசலிலிருந்து தெருக்கதவு வரை ஓடும். பின்னால் நாலு பெட்டி. எட்டுக் குமிழ்க் கல் அவ்வளவுதான் இருந்தது. வாலில் கார்டு வண்டி வேண்டுமென்றால் ஒரு பெட்டியை நீளம் குறைக்கவேண்டும். பெண்கள் பெட்டிக்கு வெள்ளைக் கோடு போடவேண்டுமென்றால் இன்ஜினிலிருக்கும் வெள்ளைக் கல்லை உருவவேண்டும். இருக்கிற கல்லுக்குள்ளேயே எத்தனையோ முறை மாற்றிக் கட்டினான். சன்னல்கள் ரயில் பெட்டி உயரத்துக்குப் பெரியவை, கதவுகளும் அப்படித்தான். அவற்றையும், பித்தளைத் தகட்டுக்குச் சேராத நாலு குமிழ்க் கற்களையும், பச்சைத் தகட்டையும் ஒதுக்கி அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிட்டான்.

பெட்டிகளைக் கோக்கும் கொக்கியில்தான் அவன் தன் வேலை முழுவதையும் காட்டினான். ஒரு பெட்டியின் நாக்கு மற்றதன் வாய்க்குள் போனால் டிக்கென்று லீவர் விழும். இழுத்தால் வராது, ஆட்டினால் வராது. பக்கத்தில் கடுகளவுக்கு ஒரு சாவித்துவாரம்.

இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த நல்லுசாமி ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். வண்டிகளுக்கு நடுவில் நின்று கொக்கி மாட்டுவதும் கழற்றுவதும்தான் அவருடைய பிழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரயிலைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தார்.

"அச்சு அசலா இருக்குய்யா. எங்க, இந்தக் கடைசிப் பெட்டியைக் கழட்டு பாப்போம்."

சடையாண்டி அரைஞாண் கயிற்றிலிருந்து ஒன்றை அவிழ்த்தான்.

"என்னய்யா அது?"

"சாவிண்ணே."

"ரயிலுக்கா?"

"கொக்கிக்கு."

நல்லுசாமி சிரிப்பை அடக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஏலே சடையா, நான் ஒரு நாளைக்கு அம்பது வண்டி கழட்டி மாட்டுறேன். அம்புட்டுக்கும் சாவியைக் கட்டித் தொங்கவிட்டா என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? எவனாச்சும் ரயிலைப் போயிப் பூட்டுவானா?"

"மாட்டினது கழறக் கூடாதுல்லண்ணே?"

"மாட்டினது கழறணும்யா! அதுக்குப் பேருதான் ஷண்டிங்கு." அடுப்படிப் பக்கம் திரும்பி, "தங்கச்சி, ஒம் புருசன் கதவைக்கூட இம்புட்டுப் பத்திரமாப் பூட்ட மாட்டான் போலிருக்கு," என்றார். வீரலட்சுமி சிரித்தாளா என்று தெரியவில்லை. பாத்திரம் உருளும் சத்தம்தான் கேட்டது.

சடையாண்டி யோசித்துத்தான் பார்த்தான். அவர் சொன்னது சரி. ஆனால் எளிதில் கழலுகிற ஒன்றைச் செய்ய அவன் கைக்குத் தெரியவில்லை. பட்டறையில் எளிதில் திறக்கிற பூட்டை முதலாளி திருப்பி அடிப்பார். கொக்கி அப்படியே இருந்துவிட்டது. பட்டறை வழக்கப்படி சாவியும் இரண்டு செய்தான். பூட்டுக்கு இரண்டு சாவி கொடுக்காமல் கையைவிட்டு இறக்குவதில்லை. ஒன்றைத் தன் அரைஞாணில் கட்டினான். மற்றதைச் சாமிபடத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினான்.

ஊர்வாய் சும்மா இருக்குமா? குழாயடியில் வீரலட்சுமியைப் பார்த்தாலே ஒருத்தி, "என்னடி, ஒங்க வீட்டு ரயிலு வந்திருச்சா, லேட்டா?" என்பாள். இன்னொருத்தி, "ஓட்டுறதுக்குப் பிள்ளை வேணும்ல," என்று குடத்தைப் பார்த்துச் சொல்வாள். வீரலட்சுமி இதையெல்லாம் வீட்டில் சொன்னதில்லை. அவன் ரயிலை இறக்கினால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்கு அதில் வெறுப்பு என்றே அவன் நினைத்திருந்தான். நினைத்துக்கொண்டே ஓட்டினான். அது சரியா என்று தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டான். ஆனாலும் விடமுடியவில்லை.

1964இல், ஆவணி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, அக்காள் அய்யம்மாள் வந்தாள். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் தங்கமுத்துக்குத் தோட்டமும் பூச்செடியும் உண்டு. இரண்டு ஆண்பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளை ராமுத்தாய்க்கு மூன்று வயது முடிகிறது. மொட்டை போட்டுக் காது குத்தவேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவது. தாய்மாமன்தான் சீர் கொண்டு வரவேண்டும்.

"அடுத்த புதன்கிழமை. ரெண்டு பேரும் முத நாளே வந்திரணும்," என்றாள். சாப்பிட உட்கார்ந்தவள், தட்டு வரும்முன் அலமாரிமேல் பார்த்தாள். "ஏண்டா தம்பி, தேங்கா, பழம், துணிமணி, கொலுசு எல்லாம் சரி. அந்த ரயிலையும் ஒரு தட்டுல வச்சுக் கொண்டாந்திரு."

சடையாண்டி கையைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"ஒனக்கு எதுக்குடா அது? பிள்ளையா குட்டியா? சும்மா தூசி அடையுது. அங்கன்னா பிள்ளை ஓட்டி வெளையாடும். ஊரு பூரா தாய்மாமன் சீரைப் பத்திப் பேசும்ல."

வீரலட்சுமி வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு வைத்தாள்.

சடையாண்டி துண்டில் கையைத் துடைத்தான். தாய்மாமன் இல்லை என்று சொல்லக்கூடாத நேரம் அது. அதோடு, கொடைக்கானலில் ஆடிய தலையாட்டல் வேறு உள்ளே கிடந்தது. பிள்ளைக்கு என்று சொல்லி வாங்கிய பொருள், பிள்ளைக்குப் போகவேண்டியதுதானே? அவன் பேசாததை அய்யம்மாள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்லியும்விட்டாள்.

கொடுக்கிற பொருளை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுப்பதுதான் முறை. திங்கட்கிழமை வேலையிலிருந்து சீக்கிரம் வந்தான். வீரலட்சுமி கடைக்குப் போயிருந்தாள். கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். முதலாவது, இரண்டாவது சரி. மூன்றாவது இறுகியிருந்தது. தகட்டைப் பிரித்து லீவரை எடுத்தான். மஞ்சளாகப் பிசுக்கு ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தான்.

தேங்காய் எண்ணெய்.

அவன் பூட்டில் மெஷின் எண்ணெய் தவிர எதையும் விட்டதில்லை. தேங்காய் எண்ணெய் விட்டால் முதலில் வழுக்கும், பிறகு பிசின்போல இறுகிவிடும். பூட்டு வேலை தெரிந்தவன் கனவிலும் விடமாட்டான். தலைக்கு எண்ணெய் தடவுகிறவர்கள் விடுவார்கள். துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவன் சாவி வலப்பக்கம்தான் உரசும். இடப்பக்கம் ஒரு தேய்மானம் இருந்தது. இடக்கையால் திருகினால் வருகிற தேய்மானம். ஒருநாள் இரண்டுநாள் திறந்ததல்ல, வருஷக்கணக்கு. சாமிபடத்துக்குக் கீழே நிமிர்ந்து பார்த்தான். ஆணிதான் இருந்தது. சாவி எப்போது அங்கிருந்து போனது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீரலட்சுமிக்கு இடக்கைப் பழக்கம்.

அவன் லீவரைத் துடைக்கவில்லை. பிசுக்கோடு இருந்தபடியே மாட்டித் தகட்டை மூடினான். அதைத் துடைத்தால் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. பகலில் அவன் பட்டறையில் இருக்கும்போது, இந்தத் தரையில் உட்கார்ந்து அவள் பெட்டியைக் கழற்றி மாட்டியிருக்கிறாள். எத்தனை நாள், எதற்காக, என்ன நினைத்துக்கொண்டு? ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் இரண்டு பேரும் ஒரே ரயிலை ஓட்டியிருக்கிறார்கள். இப்போது கொடுக்கப்போவது அவனுடையது மட்டும் அல்ல. இது தெரிந்த பிறகாவது அக்காளிடம் ஆள் அனுப்பி முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் வேலைக்குப் போய் அரம் பிடித்தான். முதல் நாளே வரச்சொன்ன அக்காளுக்கு, பட்டறையில் வேலை இருக்கிறது, விடிந்ததும் வருகிறோம் என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

புதன்கிழமை காலையில் வீரலட்சுமி, "நீங்க குளிச்சிட்டு வாங்க. பெட்டியை நான் கட்டி வைக்கிறேன்," என்றாள். குளித்துவிட்டு வரும்போது அட்டைப்பெட்டி ஒரு துண்டில் கட்டிக் கதவோரம் இருந்தது. பெட்டியின் படத்திலிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் துண்டின் இடுக்கில் எட்டிப் பார்த்தார்கள்.

அதைத் தூக்கினான். தூக்கியதும் தெரிந்துவிட்டது.

இருபது வருஷமாகப் பித்தளையைக் கையில் எடை பார்க்கிறவன். நாலு பெட்டிச் சக்கரம், அச்சு, கொக்கி, இன்ஜின் குழாய், கடிகார வில் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கனக்கும் என்று கைக்கே தெரியும். இந்தப் பெட்டியில் ஒரு குண்டுமணிப் பித்தளை இல்லை. ஆனால் ஏதோ இருந்தது. உள்ளே லேசாக ஆடியது. வீரலட்சுமியைப் பார்த்தான். அவள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"போலாமா?" என்றாள்.

"போலாம்," என்றான்.

பஸ்ஸில் பெட்டி அவன் மடியில் இருந்தது. அவள் பக்கத்தில் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஆயக்குடிக் கொய்யா; இன்னும் பச்சை மாறவில்லை. இரண்டு பேரும் கொய்யாவைப் பற்றித்தான் பேசினார்கள். இவ்வளவு காயாக வாங்கியிருக்கவேண்டாம் என்றாள். நாளைக்குள் பழுத்துவிடும் என்றான்.

ஊர்ப் பிள்ளையார் கோயில் முன்னால் தட்டுகளை அடுக்கினார்கள். சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருக்கவேண்டும். பெண்கள் எண்ணினார்கள், பத்து. "பதினொண்ணாவதுதான் ரயிலு," என்று அய்யம்மாளின் ஓரகத்தி முன்கூட்டியே அறிவித்தாள். சடையாண்டி அட்டைப்பெட்டியைத் தட்டில் வைத்துத் தானே சுமந்தான். மேளக்காரர் முன்னால் போனார்.

வீட்டு முற்றத்தில் பாயில் தட்டுகளை இறக்கியதும் அய்யம்மாள் வேறு எதையும் பார்க்கவில்லை. நேராக அட்டைப்பெட்டிக்கு வந்து துண்டை அவிழ்த்து மூடியைத் திறந்தாள்.

உள்ளே பச்சைத் தகட்டின் மேல் ஒரு வீடு. நாலு குமிழ்க் கற்களால், வெள்ளையும் சிவப்பும் மாற்றி மாற்றி, மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் கட்டியது. நாலு சன்னல். முன்னால் ஒரு கதவு. ரயிலில் ஏழு வருஷமாக இடமில்லாமல் கிடந்த துண்டுகள் எல்லாம் அதில் இருந்தன. ஆணி சுட்டு உருகிக் கோணிப்போன அந்தக் கல்கூட வாசல்படியாகப் போயிருந்தது.

"என்னடா இது?"

"வீடு, மதினி," என்றாள் வீரலட்சுமி. "கதவு தெறக்கும், பாருங்க."

"வீடு தெரியுது. ரயிலு எங்க?"

மேளக்காரர் ஏதோ நடக்கிறது என்று கோலை நிறுத்திவிட்டார். அது இன்னும் மோசமாகிவிட்டது. ஒவ்வொரு வார்த்தையும் தெரு வரைக்கும் கேட்டது.

"ஊட்ல இருக்குக்கா," என்றான் சடையாண்டி.

"ஊட்ல யாருக்குடா? அங்க யாரு இருக்கா அதை ஓட்ட?"

கேட்டபிறகுதான் அய்யம்மாளுக்கே நாக்கு கொஞ்சம் பின்வாங்கியது. ஆனால் கேட்டது கேட்டதுதான். கூடியிருந்த முப்பது நாற்பது பேரும் சடையாண்டியைப் பார்த்தார்கள். வீரலட்சுமி மட்டும் பார்க்கவில்லை; முந்தானை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் என்ன முடிந்திருக்கிறது என்று அவனுக்கு இப்போது தெரியும். ரெண்டு பேருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவள் பூட்டி வைத்திருந்ததை ஊர் நடுவில் திறக்க அவனுக்கு உரிமை இல்லை.

"எனக்குத்தான்க்கா," என்றான். "நான்தான் ஓட்டுறேன். எனக்கு வேணும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு கிழவர், "முப்பத்தெட்டு வயசுல இப்பத்தான் பல்லு முளைக்குதாக்கும்," என்றார். சிரிப்பு பெரிதாகியது. சடையாண்டிக்குக் காதுமடல் சூடாகியது; ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை.

அக்காள் புருஷன் தங்கமுத்துதான் நிலைமையைப் பிடித்தார். "மாப்ளே, வண்டியை நீங்களே வச்சுக்கங்க. பழனிக்கு ஒரு டிக்கெட்டு மட்டும் எனக்குக் குடுங்க," என்றார். "மேளத்தை அடிங்கய்யா! நேரம் போகுது."

ராமுத்தாயைக் கொண்டுவந்து மாமன் மடியில் உட்கார்த்தினார்கள். மொட்டைத் தலையில் சந்தனம். பிள்ளைக்கு ரயிலும் தெரியாது, சண்டையும் தெரியாது. வீட்டைப் பார்த்தது, கதவைத் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. ஆசாரி காதைத் தொட்டதும் வீடு அதிர அலறியது. அலறலில் ஒரு சன்னல் பிய்ந்து அதன் கைக்கு வந்துவிட்டது. இரண்டு காதும் குத்தி முடிக்கிறவரை அந்தச் சன்னலை விடவில்லை.

அய்யம்மாள் சாப்பாடு போட்டாள். "சோறு வைக்கவா?" என்று இலையைப் பார்த்துக் கேட்டாள்; அவனைப் பார்த்துக் கேட்கவில்லை. புறப்படும்போது வாசல்வரை வரவும் இல்லை. அந்தக் கோபம் தீபாவளிவரை இருந்தது. சீர் குறைந்தது என்று அந்தப் பக்கத்துச் சொந்தத்தில் இரண்டொருவர் அதற்குப் பிறகும் சொன்னார்கள். ஒரு பொம்மைக்காக அக்காளை நோகடித்தது நியாயமா என்று சடையாண்டிக்கும் சில நாள் தோன்றத்தான் செய்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. சன்னலோரம் வீரலட்சுமி உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கி மலைக்கோட்டைப் பாறை தெரிந்தது. பிறகு அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கடுகுத் துவாரத்துக்கான சின்னச் சாவி. அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அந்த மூணாவது பெட்டி மட்டும் இறுகுதுங்க. கொஞ்சம் பாருங்க," என்றாள்.

"தேங்கா எண்ணெய் விட்டா இறுகத்தான் செய்யும்," என்றான்.

அவள் சட்டென்று திரும்பினாள். "எப்பத் தெரியும்?"

"திங்கக்கெழமை."

அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுத்துவரை சிவந்திருந்தது. பஸ் ரயில்வே கேட்டில் நின்றது; கேட் போட்டிருந்தார்கள். எதிரே ஒரு சரக்கு வண்டி மெதுவாகப் போனது. வழக்கம்போல அவன் பெட்டிகளை எண்ணினான். பக்கத்தில் அவளும் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருபத்தேழு," என்றான்.

"இருபத்தெட்டு," என்றாள். "கார்டு வண்டியை விட்டுட்டீங்க."